உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை: ஸ்டென்ட் வைக்கச் சொன்னால் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

உணவுக்குழாயிலோ நுரையீரலிலோ புற்றுநோய் உள்ள ஒருவர் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கியதும் விடாமல் இருமுகிறார், இட்லி கூட எப்படியோ இறங்கிவிடுகிறது, தண்ணீருக்குத்தான் இந்தப் பாடு, சளியில் காலையில் குடித்த கஞ்சியின் துணுக்கு வருகிறது, நிமோனியா என்று திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிறார் என்றால், புரையேறுகிறது என்று தலையில் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு குழாய்களுக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். மருத்துவர்கள் இதை ஃபிஸ்டுலா என்பார்கள், அடுத்த பேச்சிலேயே ஸ்டென்ட் என்பார்கள். ஸ்டென்ட் என்றதும் எல்லாருக்கும் இதயம்தான் ஞாபகம் வருகிறது; இது வேறு சங்கதி, ஓட்டையை மறைக்க உணவுக்குழாய்க்குள்ளோ மூச்சுக்குழாய்க்குள்ளோ வைக்கும் குழல். நான் எண்டோஸ்கோபி பிரிவில், அதாவது கேமரா வைத்த குழலை உள்ளே விட்டுப் பார்க்கும் பிரிவில், நர்ஸ். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் அவசரத்தில் பாதி பாதியாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

உள்ளே என்ன ஆகியிருக்கிறது

மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் அதன் முதுகை ஒட்டிப் பின்னால் ஓடுகிறது. மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டம் கிடையாது. பின்பக்கம் திறந்திருக்கும், அந்த இடத்தில் மெல்லிய தசைச் சவ்வு மட்டும்தான். கட்டி இந்தச் சவ்வையும் உணவுக்குழாயின் சுவரையும் அரித்துவிட்டால் வழி திறந்துவிடும். கட்டி கரைவதாலேயே ஓட்டை விழுவதும் உண்டு. சுவரே கட்டியாக மாறியிருந்த இடத்தில், ரேடியேஷனுக்குக் கட்டி சுருங்கியதும் மிஞ்சுவது ஓட்டைதான். "ட்ரீட்மெண்ட் நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி இது வந்துச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பல நேரம் இதுதான் பதில், யாரும் பொய் சொல்லவில்லை. பெவாசிசுமாப் போல ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

இதில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நுரையீரலில் ஏறும் கிருமிதான். நாம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் விழுங்குகிறோம். ஓட்டை இருக்கிறவருக்கு, அவர் பட்டினியே கிடந்தாலும், அந்த எச்சிலும் மேலேறி வரும் வயிற்று அமிலமும் நுரையீரலுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அடைக்காமல் விட்டால் பெரும்பாலானவர்கள் சில வாரங்கள் அல்லது சில மாதங்களைத் தாண்டுவதில்லை. புற்றுநோயால் வந்த ஓட்டையை ஆபரேஷன் செய்து மூடும் நிலையில் நோயாளியின் உடம்பு இருப்பது அபூர்வம். அதனால்தான் ஸ்டென்ட்.

ஸ்டென்ட் புற்றுநோயைக் குணமாக்காது, பெரும்பாலும் ஓட்டையையும் ஆற்றாது, உள்ளிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த மறைப்பினால் நோயாளி மறுபடி வாயால் சாப்பிட முடியும், இருமாமல் தூங்க முடியும். இது சின்ன விஷயம் இல்லை. இதை முதலிலேயே புரிந்துகொண்டு உள்ளே வரும் குடும்பம் பிறகு ஏமாந்து போவதில்லை.

படி 1: சந்தேகம் வந்த அன்றே செய்ய வேண்டியது

வாயால் கொடுப்பதை நிறுத்துங்கள். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம், எனக்கும் தெரியும். ஒரு பெரியவரின் மகள் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், அப்பா தண்ணி கேட்டுக்கிட்டே இருக்காருங்க, ஒரு வாய் இளநீர் மட்டும் குடுக்கட்டுமா?" என்றார். ஒரு வாய் இளநீரும் அதே வழியில்தான் போகும். பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடலாம், வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லலாம். எச்சிலையும் விழுங்காமல் துப்புவதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள், தூங்கும்போதும் அப்படியே. வாயைச் சுத்தமாக வைத்திருப்பது இந்த நேரத்தில் மருந்துக்குச் சமம், ஏனென்றால் வாயில் இருக்கும் கிருமிதான் கீழே போகிறது.

பசிக்கு என்ன செய்வது? மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், அல்லது வயிற்றில் நேராகக் குழாய், அல்லது கொஞ்ச நாளைக்கு நரம்பு வழியே சத்து. எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த பிறகு ரைல்ஸ் டியூபைப் பார்க்காமல் தள்ளுவது ஆபத்து, டியூபின் நுனி ஓட்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் நுழைந்துவிடலாம். எண்டோஸ்கோபியில் பார்த்தபடியோ எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியோ போடுவார்கள். டியூப் கழன்று வந்துவிட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள்.

படி 2: பரிசோதனைகள்

சி.டி. ஸ்கேன், உணவுக்குழாய்க்குள் எண்டோஸ்கோபி, மூச்சுக்குழாய்க்குள் ப்ராங்கோஸ்கோபி, ஒரு திரவத்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே திரையில் அது போகும் வழியைப் பார்ப்பது. பெரும்பாலும் இந்த நான்கும் நடக்கும். கடைசியில் சொன்னதில் நீங்கள் வாய் திறக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வெளியே ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால், "குடிச்சா இருமல் வருது, நடுவுல ஓட்டை இருக்கலாம்னு டாக்டர் சொல்றார்" என்று கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள். காஸ்ட்ரோகிராஃபின் போன்ற அடர்த்தியான திரவம் நுரையீரலுக்குள் போனால் அது தண்ணீரை இழுத்து நுரையீரலையே வீங்க வைத்துவிடும். இந்த மாதிரி நோயாளிக்கு நீர்த்த பேரியமோ, அயனி சாராத வகைத் திரவமோதான் கொடுப்பார்கள். சீட்டில் எழுதியிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், சீட்டை எல்லாரும் படிப்பதில்லை.

ஓட்டை பொடியாக இருந்து எதிலும் பிடிபடவில்லை என்றால் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கைகொடுக்கும். உணவுக்குழாய்ப் பக்கம் அதைக் கொஞ்சம் விட்டு, ப்ராங்கோஸ்கோப்பை மூச்சுக்குழாயில் நிறுத்திக் காத்திருப்போம். இளஞ்சிவப்புச் சுவரில் எங்கோ ஒரு மடிப்பிலிருந்து மெல்ல ஒரு நீலப் பொட்டு கிளம்பி ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழி விட ஆரம்பிக்கும். அதுதான் இடம்.

ரிப்போர்ட்டில் '28 செ.மீ.' என்று ஏதாவது எழுதியிருப்பதைப் பார்த்து ஓட்டையே 28 சென்டிமீட்டரா என்று பதறுகிறவர்கள் உண்டு. அது முன்பல்லிலிருந்து அளந்த தூரம். பெரியவர்களுக்கு உணவுக்குழாய் சுமார் 15 செ.மீ.யில் தொடங்கி 40 செ.மீ. வாக்கில் வயிற்றில் சேரும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் சுமார் 25 செ.மீ.க்கு நேராக இருக்கும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று நீங்களே ஊகிக்கலாம்.

படி 3: எந்த ஸ்டென்ட், எந்தக் குழாயில், எது முதலில்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், மருத்துவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

இன்று அதிகம் வைப்பது நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பியில் பின்னிய, தானாக விரியும் ஸ்டென்ட். வெறும் பின்னல் கொசுவலை மாதிரி, தண்ணீர் ஊடே போய்விடும், ஓட்டைக்கு உதவாது. அதனால் சிலிக்கோன் போன்ற படலத்தால் மூடிய ஸ்டென்ட்டைத்தான் வைப்பார்கள். முழுவதும் மூடியது ஒரு வகை. இரண்டு நுனியிலும் கொஞ்சம் கம்பியைத் திறந்துவிட்டது இன்னொரு வகை. முழுக்க மூடியதைத் தேவைப்பட்டால் எடுத்துவிடலாம், ஆனால் வழுக்கி நகரும். நுனி திறந்ததில் சதை கம்பிக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், நகர்வது குறையும், எடுப்பது சிரமமாகும். எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது, ஓட்டைக்குப் பக்கத்தில் குழாய் சுருங்கியும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சுருக்கம் இருந்தால் ஸ்டென்ட் அதில் மாட்டி நிற்கும். அந்த வகையில் சுருக்கம் ஒரு உதவி.

அடுத்தது, எந்தக் குழாய். பலருக்கு உணவுக்குழாயில் ஒன்று போதும். ஆனால் கட்டி மூச்சுக்குழாயையும் அழுத்திக்கொண்டிருந்தால் கதை மாறுகிறது. உணவுக்குழாய் ஸ்டென்ட்டின் விட்டம் வழக்கமாக 18 முதல் 23 மி.மீ. வரை இருக்கும். அது விரியும்போது முன்னால் இருக்கிற அந்த மெல்லிய சவ்வைத் தள்ளும். ஏற்கனவே பாதி அடைந்த மூச்சுக்குழாய் அப்போது முழுதாக அடைபடலாம், ஸ்டென்ட் வைத்த மேசையிலேயே மூச்சுத் திணறல் வரும். ஆகவே இரண்டிலும் வைக்க வேண்டியவருக்கு மூச்சுக்குழாயில் முதலில், உணவுக்குழாயில் அப்புறம். உங்கள் கேள்வி இதுதான்: "டாக்டர், மூச்சுக்குழாய் எவ்வளவு அழுந்தியிருக்கு, அதை ப்ராங்கோஸ்கோபியில பார்த்தாச்சா?" இதைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓட்டை மூச்சுக்குழாய் பிரியும் இடத்திலேயே இருந்தால் ஒய் வடிவ ஸ்டென்ட் வைப்பார்கள். அதில் சிலிக்கோனால் ஆனதும் உண்டு; பிரெஞ்சு மருத்துவர் துமோன் உருவாக்கிய சிலிக்கோன் ஸ்டென்ட் 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதை வைக்க வளையாத குழல் ப்ராங்கோஸ்கோப்பும் முழு மயக்கமும் வேண்டும், எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள், பெரிய மையத்துக்கு அனுப்பினால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு குழாயிலும் ஸ்டென்ட் இருந்தால் நடுச்சுவர் இரண்டு பக்கமும் நசுங்கும், அதனால் ஓட்டை பெரிதாவதும் ரத்தம் கசிவதும் நடக்கலாம். தேவை இல்லாமல் இரண்டு வைக்காததற்குக் காரணம் அதுதான்.

ஓட்டை தொண்டைக்கு மிக அருகில் இருந்தால் ஸ்டென்ட் வைப்பது சிரமம், எப்போதும் ஏதோ சிக்கியிருக்கிற உணர்வு இருக்கும், சிலரால் தாங்கவே முடியாது. மிகக் கீழே இருந்து ஸ்டென்ட் வயிற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அமிலம் தாராளமாக மேலே வரும். இரண்டையும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கீமோ, ரேடியேஷன் பாக்கி இருக்கிறதா என்பதையும் ஸ்டென்ட் வைக்கும் மருத்துவருக்குச் சொல்லுங்கள், ஸ்டென்ட் வைத்ததைப் புற்றுநோய் மருத்துவருக்கும் சொல்லுங்கள். ஒருவர் அறையிலிருந்து இன்னொருவர் அறைக்குத் தகவல் தானாகப் போகும் என்று எண்ண வேண்டாம். கட்டி சுருங்கினால் ஸ்டென்ட் நகரும், ஸ்டென்ட் இருக்கும்போது ரேடியேஷன் கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

செலவு பற்றி: ஸ்டென்ட்டின் விலை பெரும்பாலும் தனி வரியாகத்தான் பில்லில் வரும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், சேர்ந்த அன்றே காப்பீட்டுக் கவுண்டரில், இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா, ஸ்டென்ட் விலை அதற்குள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். வைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

படி 4: வைக்கிற நாள்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சில நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எதுவானாலும் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள், 'ஹார்ட் மாத்திரை' என்று மட்டும் சொன்னால் எங்களுக்குப் புரியாது. காய்ச்சலும் சளியும் கடுமையாக இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்து ஒன்றிரண்டு நாள் தள்ளுவார்கள்.

உள்ளே நடப்பது இது: மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பி ஒன்றை ஓட்டையைத் தாண்டி வயிறு வரை இறக்குவார்கள். சுருட்டி உறைக்குள் அடைத்த ஸ்டென்ட்டை அந்தக் கம்பி மேல் ஏற்றி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, ஓட்டைக்கு மேலும் கீழும் ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது கூடுதலாக மூடும்படி நிறுத்தி உறையை உருவுவார்கள். ஸ்டென்ட் அங்கேயே விரிய ஆரம்பிக்கும். முழுதாக விரிய ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும், அந்த நாட்களில் நெஞ்சுக்கு நடுவே அழுத்துகிற வலி இருக்கும். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பொறுத்துக்கொள்வதில் ஒரு புண்ணியமும் இல்லை.

வெளியே வந்ததும் சாப்பாட்டுத் தூக்கை நீட்டாதீர்கள். மறுபடி ஒரு திரவத்தைக் குடிக்கவைத்துக் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் வாய் திறக்க அனுமதி. முதல் சோதனையில் கொஞ்சம் கசிந்தால் ஸ்டென்ட் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, முழுதாக விரிந்த பிறகு நின்றுவிடுவதும் உண்டு.

படி 5: சாப்பாடு

இது முழுக்க உங்கள் வேலை. எங்கள் பிரிவுக்கு அவசரமாகத் திரும்பி வருகிறவர்களில் பலர் ஸ்டென்ட்டில் உணவு அடைத்து வருகிறவர்கள்தான், அதிலும் கல்யாண வீட்டிலிருந்து நேராக வருகிறவர்கள். ஸ்டென்ட் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளாது. அது அசையாத குழாய், உணவு தன் எடையாலும் தண்ணீராலும்தான் இறங்க வேண்டும்.

முதலில் மருத்துவர் சொன்ன பிறகு நீர்த்த திரவம்: வடிகட்டிய ரசம், மோர், பருப்புத் தண்ணீர், இளநீர். அது இருமல் இல்லாமல் இறங்கினால் அடுத்து கஞ்சி, கேழ்வரகுக் கூழ், தேங்காய்ப்பாலில் கரையும்படி ஊறிய இடியாப்பம். அப்புறம் குழைய வடித்து மசித்த ரசம் சாதம், தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, நன்கு மசித்த முட்டை, முள் நீக்கிய மீன். இதோடு நின்றுகொள்வது நல்லது. பலர் இதிலேயே மாதக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள்.

பரோட்டா கூடவே கூடாது. பிரெட்டும் ஏமாற்றும், மென்மையாகத் தெரியும், உள்ளே போய் நனைந்து உருண்டையாகிவிடும். களி, கொழுக்கட்டை, காய்ந்த சப்பாத்தி, மட்டன் துண்டு, முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத் தண்டு, கமலா ஆரஞ்சுச் சுளையின் தோல், சுண்டல் தோல், தேங்காய்ச் சில் எல்லாம் விலக்க வேண்டியவை. பிரியாணி ஆசைப்பட்டால் சாதத்தை மட்டும் குழைத்து, குழம்பு நிறைய ஊற்றி, கறியை மிக்ஸியில் அடித்துச் சேர்த்துக் கொடுங்கள். பிரியாணி இல்லைதான், ஆனால் வாசனையாவது இருக்கும், அதற்கே சிலர் கண் கலங்குவார்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சின்ன சின்ன வாயாக, நன்றாக மென்று, நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மடக்கு. பல்செட் ஆடினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், மெல்ல முடியாதவருக்கு ஸ்டென்ட் வைத்துப் பயனில்லை. மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை. முடித்ததும் அரை டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. ஸ்டென்ட் கீழ்ப்பக்கம் இருந்தால் இது இன்னும் கண்டிப்பு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தொடர வேண்டும். மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பதற்கு முன் மருந்துக்கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள், மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். சிரப் கிடைத்தால் சிரப்.

அடைத்துக்கொண்டால் சாப்பிடுவதை உடனே நிறுத்தி, எழுந்து நடக்கச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரையோ சோடாவையோ துளித் துளியாகக் கொடுத்துப் பாருங்கள். மேலே இன்னும் சோறு தள்ளி இறக்கப் பார்க்காதீர்கள், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் சரியாகவில்லை, எச்சிலே இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. எண்டோஸ்கோபியில் எடுத்துவிடுவோம்.

படி 6: எதற்கு ஓட வேண்டும்

நின்ற இருமல் தண்ணீர் குடிக்கையில் மறுபடி வந்தால், ஸ்டென்ட் நகர்ந்திருக்கலாம் அல்லது ஓட்டை ஸ்டென்ட்டின் ஓரத்தைத் தாண்டி வளர்ந்திருக்கலாம். வாயால் கொடுப்பதை நிறுத்திவிட்டு மறுநாளே காட்டுங்கள், காய்ச்சலும் இருந்தால் அன்றே. கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவது கஷ்டமாகிக்கொண்டு வந்தால் கட்டி நுனியில் வளர்ந்து அடைக்கிறது. பழைய ஸ்டென்ட்டுக்குள் இன்னொன்றை வைக்க முடியும். ரத்த வாந்தி, இருமலில் ரத்தம், தார் போலக் கறுப்பு மலம், திடீரென்று தாங்க முடியாத நெஞ்சுவலி என்றால் விடிய விடியக் காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே கிளம்புங்கள்.

புற்றுநோய் இல்லாதவர்களுக்கு

இவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்தவருக்கு, மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் குழாயின் பலூன் முன்னாலும் ரைல்ஸ் டியூப் பின்னாலும் அழுத்தி நடுச்சுவர் புண்ணாகி ஓட்டை விழலாம். அவருக்கு முன்னே நல்ல ஆயுள் இருக்கிறது, ஆகவே இலக்கு நிரந்தரமாக மூடுவது: முடிந்தவரை வென்டிலேட்டரிலிருந்து எடுத்து, உடம்பைத் தேற்றி, ஆபரேஷன். ஸ்டென்ட் வைத்தால் அது இடைக்காலத்துக்குத்தான், அதன் அழுத்தமே ஓட்டையைப் பெரிதாக்கிவிடலாம் என்பதால் யோசித்துத்தான் வைப்பார்கள். பிறக்கும்போதே இந்த வழி திறந்திருக்கும் குழந்தைகளுக்கும் ஆபரேஷன்தான் வழி. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் இருந்தால் வீட்டில் வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல் உடனே ஓடுங்கள், உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்திலேயே சுவரை அரிக்க ஆரம்பித்துவிடும்.

மூச்சுக்குழாயில் ஸ்டென்ட் இருப்பவருக்குக் கடைசியாக

அந்த ஸ்டென்ட்டில் சளி ஒட்டிக் காய்ந்து அடைக்கும். மருத்துவர் சொன்ன கணக்கில் உப்புநீரை நெபுலைசரில் தினமும் பிடிக்க வேண்டும், நன்றாக இருக்கிறாரே என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ஸ்டென்ட்டின் பெயர், அளவு, வைத்த தேதி, எந்தக் குழாய், மருத்துவமனையின் போன் எண், இவற்றை ஒரு அட்டையில் எழுதி நோயாளியின் பர்ஸிலும் உங்கள் போனிலும் வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைக் காட்டுங்கள். திடீரென்று மூச்சு விசில் அடிப்பது போல இழுத்தாலோ உதடு நீலமானாலோ உட்கார்ந்த நிலையிலேயே வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் முதல் வாக்கியமாக, மூச்சுக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது என்று சொல்லி அட்டையைக் கொடுங்கள். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டிவந்தால் ஸ்டென்ட் இருப்பது தெரியாமல் போட்டால் அது இடம் பெயர்ந்துவிடும்.